மாமா பேரில் இருந்த எண்

ஈயம் உருகும் வாசனை. எந்த ஊர்க் கடைத்தெருவில் நடந்தாலும், சாம்பிராணி கருகியது போன்ற அந்தப் புகை மூக்கில் ஏறிவிட்டால் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. போனை எடுத்து மேல் மூலையில் சிக்னல் கோடுகள் நிற்கின்றனவா என்று பார்க்கிறேன். நிற்கின்றன. இருந்தும் ஒரு நிமிடம் நம்புவதில்லை.

அந்த வாசனைக்குப் பின்னால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு சந்து இருக்கிறது. சந்துக்குள் ஒரே ஆள் உட்காரக்கூடிய போன் ரிப்பேர் கடை. அன்று காலை கண் விழித்தபோது என் போன் திரையில் 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று இருந்தது. அணைத்துப் போட்டேன். விமானக் குறியைத் தொட்டேன், விட்டேன், மறுபடி தொட்டேன். சிம்மைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டினேன். மாடிக்கு ஏறினேன், தெருமுனைக்குப் போனேன், கையை உயர்த்திக்கொண்டு வெயிலில் நின்றேன். அதே மூன்று சொற்கள். போலீஸைக் கூப்பிடலாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம், தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாம். அக்காவைக் கூப்பிட முடியாது. அக்கா என்னைக் கூப்பிடவும் முடியாது.

அக்கா கல்வராயன் மலையில் இருக்கிறாள். வெள்ளிமலையைத் தாண்டி இரண்டு மைல், பஸ் திரும்புகிற இடத்தில் அவள் வீட்டுக்காரர் டீக்கடை வைத்திருக்கிறார். எனக்கு மாமா. அவருக்கும் எனக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. அப்பா இறந்தபோது காரியப் பத்திரிகையை நான்தான் அடித்தேன். ஒரு அச்சகத்தில் உட்கார்ந்து கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதணி விழா என்று ஊராரின் பெயர்களை வரிசை கட்டுவதுதான் என் பிழைப்பு. மகன்கள், மகள்கள், பங்காளிகள், சம்பந்திகள் எல்லாரும் ஏறியிருந்த அந்தப் பத்திரிகையில் மூத்த மருமகன் பெயர் மட்டும் இல்லை. கை தவறிவிட்டது என்று சொன்னேன். ஊரான் வீட்டுப் பத்திரிகையில் யார் பெயரையும் விடாதவன் சொந்த வீட்டுப் பத்திரிகையில் மட்டும் எப்படி விட்டான் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. நானே என்னைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் வந்திருக்கிறது. அவர் காரியத்துக்கு வரவில்லை. தம்பியோடு ஒரு வார்த்தை பேசினாலும் அவனோடேயே போய்விட வேண்டியதுதான் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்.

அக்கா பேசினாள். மாமா மளிகை வாங்கச் சங்கராபுரத்துக்கு இறங்குகிற நாளில், மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு பேசுவாள். கடைக்குப் பின்னால் ஒரு பலாமரம். அந்தப் பக்கத்துக்கே அதன் கவட்டையில்தான் சிக்னல் கிடைக்கும். நாலைந்து வீட்டுப் போன்கள் மஞ்சள் பையில் அங்கே தொங்கும். மணி அடித்தால் அருகில் இருப்பவர் எடுத்து, வருகிற பெயரைப் பார்த்து, உரியவர்களுக்குக் குரல் கொடுப்பார். யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது மரத்தடியில் எல்லாருக்கும் தெரியும். அதனால் அக்கா என் எண்ணை என் பெயரில் வைத்துக்கொள்ளவில்லை. 'கேஸ்காரர்' என்று வைத்திருந்தாள். சிலிண்டர் கொண்டுவருகிற கேஸ்காரர் ஒருவர் உண்மையாகவே இருந்தார். அவர் எண் கடைச் சுவரில் கரியால் எழுதியிருந்ததால் மாமா அதைப் போனில் தேடியதில்லை. யாராவது "கேஸ்காரரு கூப்பிடறாரு" என்று கத்தினால், கை வேலையைப் போட்டுவிட்டு அக்கா ஓடுவாள்.

ரிப்பேர்க்காரர் என் வயசுக்காரர். ஒற்றைக் கண்ணில் லென்ஸ். தண்ணீர் பட்டதா, கீழே விழுந்ததா என்று கேட்டுக்கொண்டே போனின் முதுகைப் பிரித்தார். உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு வேறு எதையாவது வைத்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றிய மூடியை என் கையில் வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் லென்ஸை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சார், உங்க போனையும் என் போனையும் மாத்திக்கினா எனக்குத்தான் நஷ்டம்."

அவர் தன் சிம்மை என் போனில் போட்டார். கோடுகள் எழுந்து நின்றன. என் சிம்மை அவர் போனில் போட்டார். அங்கும் அந்த மூன்று சொற்கள் வந்தன. போன் நன்றாகத்தான் இருக்கிறது, சிம்தான் செத்துவிட்டது என்றார். பிறகு குரலைத் தணித்து, என் பெயரில் வேறு யாராவது சிம் மாற்றி வாங்கியிருக்கலாம், இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். அங்கிருந்து சிம் கம்பெனிக் கடைக்கு நடந்த பத்து நிமிடத்தில் ஊரில் பாதிப் பேரைச் சந்தேகப்பட்டு முடித்துவிட்டேன். கூரியர்க்காரர். எதிர் வீட்டில் புதிதாகக் குடிவந்தவர். என் போனை அடிக்கடி இரவல் கேட்கும் அச்சக முதலாளி.

கம்பெனிக் கடைப் பெண் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். என் ஆதாரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"இது உங்க பேர்ல இல்லையே சார்."

"பதினஞ்சு வருஷமா நான்தாம்மா வெச்சிருக்கேன்."

"வெச்சிருக்கிறது வேற சார். பேரு வேற."

யார் பெயர் என்று சொல்ல மறுத்துவிட்டாள். ஒன்று மட்டும் சொன்னாள். தன் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று இப்போது யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாமாம். அப்படிப் பார்த்த ஒருவர், இது என் எண் இல்லை, வெட்டிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரே நேரில் வந்து ரேகை வைத்தால் திரும்ப வரும். வராவிட்டால் கொஞ்ச நாளில் எண் வேறு யாருக்காவது போய்விடும்.

அங்கே நின்றபடியே எனக்குச் சங்கராபுரம் பஸ் ஸ்டாண்ட் ஞாபகம் வந்தது. ஒரு பெரிய குடை, குடையின் கீழே சிம் விற்கிற ஆள், எனக்குப் பக்கத்தில் மாமா. நான் சென்னையில் சில வருஷம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். என்னிடம் விலாசம் சொல்ல ஒரு காகிதம் கிடையாது. "என்துல போட்டுக்கோ" என்று அவர் வாக்காளர் அட்டை நகலை நீட்டி, புகைப்படத்தின் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் வாங்கினோம். சித்தப்பா பேரில் மருமகன், பக்கத்து வீட்டார் பேரில் வாத்தியார். வாங்கியதும் மறந்துபோவோம். ஆறு வருஷம் அவரோடு பேசாமல் இருந்தவன், அவர் பெயரில்தான் ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வேறு எண் வாங்கியிருக்கலாம். அரை மணி நேர வேலை. ஆனால் அக்காவுக்குத் தெரிந்தது இந்த எண்தான். இனி அவள் கூப்பிட்டால் யாரும் எடுக்கமாட்டார்கள். கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிட்டால் முன்பின் தெரியாத ஒருவன் எடுப்பான். "சாப்டியாடா" என்று அவள் தொடங்குவாள். அவன் என்ன சொல்வான்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மாமா தெரிந்தேதான் வெட்டியிருப்பார். மரத்தடியில் யாரோ சொல்லியிருப்பார்கள், கேஸ்காரர் இத்தனை நேரம் என்ன பேசுகிறார் என்று. அப்படியானால் அக்கா இப்போது எப்படி இருக்கிறாள்?

அச்சக முதலாளியின் போனை வாங்கி அவள் எண்ணைப் போட்டேன். நாலாவது மணியில் ஆண் குரல். "யாரு?" ஆறு வருஷத்துக்குப் பிறகு கேட்கும் குரல். ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று புரிந்தது. அக்கா வீட்டில் இல்லையா, இருந்தும் போன் அவள் கையில் இல்லையா என்ற கேள்வி அன்று முழுக்க என்னை உட்காரவிடவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையின் தண்ணீர் மரங்களுக்கிடையே வெட்டிவெட்டித் தெரிந்து மறைந்தது. அடிவாரச் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் ஏறிப் பைகளை அழுத்திப் பார்த்தார். என்னிடம் பை இல்லை. அதனாலேயே இரண்டு முறை என்னைப் பார்த்தார். மலைக்குப் போகிறவன் கையில் ஒன்றும் இல்லாமல் போவானா என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான். அக்காவுக்கு ஒரு முழம் பூகூட வாங்காமல் வந்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கதை கட்டினேன். ஒரு வளைவில் அக்கா அழுதுகொண்டிருந்தாள். அடுத்ததில் அவள் அங்கே இல்லவே இல்லை. இன்னொன்றில் மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார், அதுதான் எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது. கடுக்காய் மரங்களும் குச்சிக்கிழங்குக் கொல்லைகளும் பின்னால் போயின. சுற்றிச்சுற்றி ஏறும் பஸ்ஸில் என் சந்தேகம் மட்டும் நேராக ஏறியது.

கடையில் விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கேஸ் அடுப்பு ஒரு மூலையில் துணி போட்டு மூடிக் கிடந்தது. அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தி நின்றது. பிறகு இன்னும் வேகமாக நறுக்கினாள். முகத்தில் காயம் ஏதாவது இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை. மாமா டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. தலைமுடி முழுக்க நரைத்திருந்தது.

"இன்னா மச்சான். யாரு செத்தா?"

யாரும் இல்லை, சும்மாதான் வந்தேன் என்றேன். சும்மா வருகிற ஊரா இது என்று கேட்டுக்கொண்டே ஒரு கிளாஸை என் முன்னால் வைத்தார். அதில் விஷம் இருக்காது என்று தெரிந்தும் அவர் முதலில் தன் கிளாஸைக் குடிக்கும்வரை காத்திருந்தேன். என்ன கேட்டு எப்படித் தொடங்குவது என்று நான் வாய்க்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவரே தொடங்கினார். விறகுப் புகையைக் கையால் விலக்கி, மூடிக் கிடந்த கேஸ் அடுப்பைக் காட்டினார்.

அவர் சொன்னது இது. போன மாதம் வெள்ளிமலைக்கு ஒரு மனுக் கொடுக்கப் போனவர், கம்ப்யூட்டர் சென்டரில் தன் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். வேறொருவர் பெயரில் சிம் வாங்கி மோசடி செய்து, கடைசியில் பெயர்க்காரனை ஜெயிலில் தள்ளுகிறார்கள் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்களாம். பார்த்தால் மூன்று எண்கள். ஒன்று அவருடையது, ஒன்று அக்காவுடையது. மூன்றாவதின் கடைசி நாலு எண் மட்டும் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அக்காவின் போனை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த நாலு எண்ணில் முடிகிறது ஒன்று இருந்தது. கேஸ்காரர்.

"கனெக்சன் குடுக்கச் சொல்ல என் ஆதாரு, ரேசன் கார்டு எல்லாம் ஜெராக்ஸ் வாங்கிக்கினு போனான். அத்த வெச்சே என் பேர்ல சிம்மு வாங்கி, என் பொண்டாட்டிக்கே போன் பண்றான். சுவத்துல எழுதினது ஒரு நம்பரு, பேசறது ஒரு நம்பரு. எவ்ளோ நெஞ்சழுத்தம் பாரு."

எண்ணை வெட்டச் சொல்லிவிட்டார். அடுத்த முறை சிலிண்டரோடு வந்த கேஸ்காரரைச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அந்த ஆள் குழந்தைகள் மேல் சத்தியம் செய்தும் கேட்கவில்லை. சிலிண்டர் வண்டி திரும்பிப் போனது. நேற்றுகூட ஒருவன் போன் செய்து பேசாமல் வைத்தானாம். அதே கும்பல்தான், ஆள் இருக்கிறானா என்று வேவு பார்க்கிறது. மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போகப்போகிறார். சொல்லிக்கொண்டே கல்லா மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"நல்ல நேரத்துலதான் வந்த. பத்திரிகை அடிக்கிறவன்தான நீ, ஒரு பெட்டிசன் எழுதிக் குடு. பேரு எதுவும் உட்டுடாத."

பேனாவைக் கையில் எடுத்தேன். எடுத்ததற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை. 'அய்யா' என்று எழுதிவிட்டேன். மாமா கேஸ்காரரின் பெயரைச் சொன்னார், தகப்பன் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். ஒரு வரி எழுதினால் அந்த ஆளின் பிழைப்பு போகும். உண்மையைச் சொன்னால் அக்காவின் ஆறு வருஷம் வெளியே வரும். அவர் வெட்டியது தெரியாமல்தான் என்ற நிம்மதியும் எனக்குள் இருந்தது, அது என்னைக் கூச வைத்தது. அக்கா வேண்டுமென்றே என் பக்கம் பார்க்காமல் இருக்கிறாளா என்றும் ஒரு சந்தேகம். எழுதிவிடு, எப்படியாவது போகட்டும் என்று நினைக்கிறாளோ? அந்த ஒரு கணம் அவளையும் நான் நம்பவில்லை.

வெங்காயக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அக்கா வந்தாள்.

"எழுதாத தம்பி." பிறகு அவரைப் பார்த்தாள். "அது கேஸ்காரர் நம்பர் இல்லீங்க. தம்பி நம்பர். நான்தான் பேர மாத்தி வெச்சேன்."

மாமா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்து விறகில் சுர்ரென்றது. யாரும் பாத்திரத்தை இறக்கி வைக்கவில்லை.

"அப்ப நேத்து பேசாம வெச்சவன்?"

"நான்தான் மாமா."

"எத்தினி நாளா நடக்குது இது?"

அவர் என்னிடம் கேட்டதற்கு அக்காதான் பதில் சொன்னாள். "நீங்க பேசக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு மறு வாரத்துலருந்து."

கத்துவார் என்று நினைத்தேன். அவர் தாளை எடுத்து, நான் எழுதிய ஒரே சொல்லைப் படித்து, நாலாக மடித்து அடுப்பில் செருகினார். அந்த ஆள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நான் சிம் கடையில் நடந்ததை, குடையின் கீழே அவர் கையெழுத்துப் போட்டதை, ரேகை வைக்க வேண்டியதை, எல்லாவற்றையும் தலைகுனிந்தபடி சொல்லி முடித்தேன். அவர் ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினார். கீழே போகிற பஸ் வரும் நேரம், வா என்றார். அக்கா வாசல்வரை வந்தாள். அவள் கண்ணில் என்ன இருந்தது என்று என்னால் படிக்க முடியவில்லை. ரேகை வைக்கத்தான் வருகிறாரா, பெரியவர்கள் யாரையாவது கூட்டிவைத்து நியாயம் கேட்கப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் அவர் எனக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்தார். நான் இரண்டு டிக்கெட் கேட்டேன். முன்னாலிருந்து வந்த கண்டக்டர், அவரும் இரண்டு வாங்கிவிட்டார், நீங்கள் எத்தனை பேர்தான் போகிறீர்கள் என்று கேட்டார். மாமா திரும்பவில்லை. அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே மலை இறங்கினேன்.

கம்பெனிக் கடையில் அதே பெண். மாமா வலது கட்டைவிரலை இயந்திரத்தில் வைத்தார். ஏற்கவில்லை. இடது கட்டைவிரல். ஏற்கவில்லை. கொதிக்கிற கிளாஸைப் பிடித்துப் பிடித்து அவர் விரல் நுனிகள் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. ஒவ்வொரு விரலுக்கும் அந்தச் சிறிய கண்ணாடி சிவப்பாக மின்னி மறுத்தது. சட்டையில் துடைத்தார். ஈரத்துணியில் துடைக்கச் சொன்னாள் அந்தப் பெண். நான் என் கைக்குட்டையை நனைத்து அவர் கையைப் பிடித்துத் துடைத்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. வேண்டுமென்றே லேசாக வைக்கிறாரோ, அழுத்தாமல் விடுகிறாரோ என்று அப்போதும் என் மனம் அவர் விரலைக் கவனித்துக்கொண்டிருந்தது. எட்டாவது விரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

எண்ணை என் பெயருக்கே மாற்றிவிடலாமா என்று அந்தப் பெண் கேட்டாள். நான் தலையாட்டுவதற்குள் மாமா சொன்னார்.

"என் பேர்லயே இருக்கட்டும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. இன்னொரு நாள் கோபம் வந்தால் இன்னொரு முறை வெட்டலாம் என்பதற்காகவா? இல்லை, வேறு எதற்காகவா? இன்றும் அந்த எண் அவர் பெயரில்தான் ஓடுகிறது. மாதத்தில் ஒரு தடவையாவது காலையில் விழித்ததும் முதலில் திரையைப் பார்க்கிறேன்.

பஸ் ஸ்டாண்டில் நாங்கள் டீ குடிக்கவில்லை. வெயில் சாய்ந்திருந்தது. மலை பஸ் கிளம்பத் தயாராக உறுமியது. என் போனில் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அவருக்குக் காட்டினேன். பார்த்துத் தலையசைத்தார். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கிட்டே வரச் சொன்னார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது இதுதான் என்று அவர் முகம் காட்டியது.

"ஆறு வருஷமா ரெண்டு பேரும் என்னைப் பத்தி இன்னா பேசிக்கினு இருந்தீங்க?"

யோசித்துப் பார்த்தேன். அம்மாவின் மூட்டுவலி, மலையில் பெய்த மழை, புளிக்காத மாவு, என் இருமல், அவள் வளர்க்கிற ஆட்டுக்குட்டி. அவரைத் தொட்டு ஒரு பேச்சு வந்துவிடாமல் இருவருமே பார்த்துப் பார்த்துத்தான் பேசியிருக்கிறோம்.

"உங்களைப் பத்திப் பேசினதே இல்ல மாமா."

பொய்யைத் தேடுகிற கண்ணோடு என் முகத்தை மேலும் கீழும் பார்த்தார். பஸ் அசைந்தது. கம்பியை விடாமல் கேட்டார்.

"ஒரு வாட்டிகூடவா?"